பலனை எதிர்பாராமல்

அனைவரும் எழுந்து நிற்கவும். உட்கார்ந்துகொண்டு கேட்கக்கூடிய செய்தி அல்ல இது. மனித குலத்தை ஆட்டிப்படைக்கும் நோய்கள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி எறியும் பொறுப்பை ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி தம் தோளில் ஏற்றுக்கொண்டுவிட்டார். நோய்கள் இனி மூட்டை முடிச்சுகளோடு நடையைக் கட்டலாம்.

ஏறத்தாழ இந்த வார்த்தைகளில்தான் அறக்கட்டளையின் விழா அழைப்பிதழ் ஆண்டுதோறும் தொடங்கும். எழுதுபவர் அதன் செயலாளர். அவரை ஊரில் யாரும் செயலாளர் என்று கூப்பிடுவதில்லை. 'அடைமொழி' என்றுதான் கூப்பிடுவார்கள். விருது வாங்கும் ஒவ்வொரு மருத்துவ ஆராய்ச்சியாளருக்கும் ஒரு பட்டம் கட்டிக் கொடுப்பது அவர் வேலை. பட்டத்தில் எதுகை இல்லாவிட்டாலும் மோனை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. அப்படிப் பிறந்தவர்கள்தான் 'இதய இமயம்', 'ஈரல் ஏந்தல்', 'குடல் குரிசில்' முதலானோர். 'சிறுநீரகச் செம்மல்' பட்டம் வாங்கிய பேராசிரியர் அதன்பிறகு அறக்கட்டளையின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதில்லை.

மெத்தைக் கடையின் மேல்மாடிதான் அறக்கட்டளை அலுவலகம். படியேறினாலே புது ஃபோம் வாசனை மூக்கில் ஏறும். நாற்காலிகள் இருந்தன, ஆனால் விற்காமல் போன மெத்தைகளைச் சுவரோரம் அடுக்கியிருந்ததால் யாரும் நாற்காலியைத் தேடவில்லை. மருத்துவ ஆராய்ச்சியை ஊக்குவிக்கும் தீர்மானங்களில் பாதி சாய்ந்த நிலையில் நிறைவேறியவை.

ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்த அறக்கட்டளை அல்ல அது. தலைவரின் தம்பி, எந்த டாக்டராலும் பெயர் சொல்ல முடியாத ஒரு நோயில், அண்ணன் கம்பெனியின் மிக உயர்ந்த மெத்தையில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனார். கடைசி நாட்களில் அந்த மெத்தையில் ஆள் படுத்த பள்ளம்கூட விழவில்லை என்று தலைவர் ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் கை மைக்கைத் தேடவில்லை. அடைமொழி அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த வேலையில் இருந்தார் என்று சொன்னால் மிகை. ஆனால் அதற்காகவும் இருந்தார்.

இந்த ஆண்டின் தேர்வுக் கூட்டத்தில் நாலு பேர். தலைவர்; பொருளாளரான அவருடைய மச்சினர்; மருத்துவ ஆலோசகரான ஓய்வுபெற்ற கண் டாக்டர்; அடைமொழி. கண் டாக்டர், தம் துறைக்கு விரோதமாக, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெத்தையில் சாய்ந்திருந்தார்.

அடைமொழி ஓர் ஆராய்ச்சி நிலையம் அனுப்பிய குறிப்பைப் படித்தார். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழந்துபோகும் ஒரு நோய். அதற்கு டாக்டர்கள் ஒரு நம்பிக்கையில் எழுதிக் கொடுத்துவரும் மஞ்சள் மாத்திரை. அதை வைத்து நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஒரு பெண் மருத்துவர் நடத்திய பெரிய சோதனை. "முடிவு நெகட்டிவ்" என்ற வரியோடு வாசிப்பதை நிறுத்தினார்.

"நெகட்டிவா!" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெத்தை முனகியது. "போன மாசம் எனக்கு ரத்தம் எடுத்தாங்களே, நெகட்டிவ்னு வந்ததும் வீட்டுல எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க."

"ஒருத்தருக்கு நெகட்டிவ்னா அவருக்கு நோய் இல்லைன்னு அர்த்தம், மச்சான்" என்றார் மச்சினர். "இங்க நூத்துக்கணக்கான பேருக்கு நெகட்டிவ். யோசிச்சுப் பாருங்க."

தலைவர் யோசித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "டாக்டர், நெகட்டிவ்னா நல்லதுதானே?"

கண் டாக்டர் கண்ணைத் திறந்தார். எதைப் பற்றிப் பேச்சு என்று கேட்டால் தூங்கியது தெரிந்துபோகும். "ரொம்ப நல்லது" என்றார் உறுதியாக.

நாலு பேரில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்றால் அது அடைமொழிக்குத்தான். குறிப்பை முழுதாகப் படித்தவர் அவர். அந்த வரிக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. படித்தார்; ஆனால் தாகத்தில் இருப்பவன் தண்ணீர்ப் பானை மேல் எழுதியிருப்பதைப் படிப்பதுபோலப் படித்தார். ஏனென்றால் அவர் மனைவிக்கு அதே நோய். அவள் தின்றுகொண்டிருந்தது அதே மஞ்சள் மாத்திரை.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கரும்பலகையில் அவள் போடும் வட்டத்தைக் கருவி வைத்துப் போட்டது என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு. முதலில் வட்டம் கோணியது. பிறகு சாக்பீஸ் நழுவியது. இப்போது சட்டைப் பித்தான் போட முடியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடியது. அவர் அவளை வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுவார். அவளும் பதிலுக்கு அடைமொழி என்பாள்.

அன்று மாலை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சேதியைச் சொன்னார். டீச்சர் அப்போதுதான் வாந்தி எடுத்து முடித்துச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். மாத்திரை உள்ளே போன ஒரு மணி நேரத்தில் குடலைப் புரட்டும். நாக்கு எந்நேரமும் கசக்கும். நிறுத்திவிடலாம் என்று அவள் பலமுறை சொன்னதுண்டு. அவர்தான் கெஞ்சிக் கூத்தாடித் தொடர வைத்தார்.

"நிஜமாவா?" என்றாள். "வேலை செய்யுதாமா?"

"விருதே கொடுக்கப்போறோம்!"

"சரி, அப்போ இன்னும் கொஞ்ச நாள் எடுப்போம், வாந்தியை" என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை அவர் அன்று இரவு முழுவதும் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோல அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

பட்டம் அன்றே தயாராகிவிட்டது: 'தசைத் தாரகை'. அறக்கட்டளையின் நடைமுறை அப்படி. பட்டம் முதலில், ஆள் பிறகு, ஆராய்ச்சி கடைசியில். மேடையில் வாசிக்க வேண்டிய பாராட்டு மடலுக்கு ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பத்தி தேவைப்பட்டபோதுதான், விழாவுக்கு முந்தின நாள் காலையில், அடைமொழி அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்.

நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது அந்த அறை. உள்ளே ஒரு குளிர்பதனப் பெட்டி, லாரி மேட்டில் ஏறுவதுபோல உறுமிக்கொண்டிருந்தது. அலமாரி முழுக்க ஒட்டுநாடாவில் கிறுக்கிய எண்களோடு டப்பாக்கள். ஜன்னலோரம் நோயாளிகளின் கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி. அதன் பிடி ஆயிரம் உள்ளங்கைகள் பட்டு மழுங்கியிருந்தது.

"வாங்க சார், வாங்க. அந்த ஸ்டூல் வேண்டாம். அதுக்கு ஒரு கால் ஆட்டம், போன வாரம்தான் ஒரு பேராசிரியரைக் கவுத்துச்சு." டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கலைந்த தலை. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. "தசைத் தாரகையா? எனக்கா? போன்ல சொன்னப்ப எங்க ஆளுங்களுக்குச் சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துருச்சு. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது சார் எனக்கு."

அடைமொழி பேனாவைத் திறந்தார். "உங்க வெற்றியைப் பத்தி எளிமையா நாலு வரி…"

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும்" என்று அவள் குறுக்கிட்டாள். குரல் சட்டென்று இறங்கியது. "எப்படி சார் எங்களைத் தேர்ந்தெடுத்தீங்க? மருந்து வேலை செய்யலைன்னு கண்டுபிடிச்சவங்களை யாரு கூப்பிட்டு விருது கொடுப்பா? நெகட்டிவ் முடிவுன்னா சொந்தக்காரங்ககூட எழவு வீட்டுல பேசற மாதிரிதான் பேசுவாங்க. உங்க அழைப்பிதழ் வந்த அன்னிக்கு எங்க தலைமை நர்ஸ் அழுதுட்டாங்க. பரவாயில்லையே, விஷயம் புரிஞ்ச ஒரு அறக்கட்டளையாவது இருக்கேன்னு."

பேனா முனை தாளில் ஊன்றி நின்றது. மை ஊறி ஒரு பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

"வேலை… செய்யலையா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு படத்தைத் தேடி எடுத்து மேஜையில் விரித்தாள். பாதிப் பேருக்கு மஞ்சள் மாத்திரை. மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதேபோல ஒரு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் ஒவ்வொருவரின் கைப்பிடியையும் நடையையும் அளந்தார்கள். படத்தில் இரண்டு கோடுகள் இருக்க வேண்டும். அவர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது.

"ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு, பாருங்க" என்றாள். "ரெண்டும் ஒரே சரிவுதான் இறங்குது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு வாந்தி."

அவர் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடமிருந்து வலமாக, எங்கேயும் தயங்காமல், கீழே போனது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க…" என்று ஆரம்பித்தார். "இந்த மாத்திரை சாப்பிடறாங்க."

இப்போது அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த 'தெரிஞ்ச ஒருத்தங்க' எல்லாரும் யார் என்பது டாக்டர்களுக்குத் தெரியும்.

"வீட்டுலயா?" என்றாள் மெதுவாக.

அவர் தலையசைத்தார்.

"திடீர்னு நிறுத்தக் கூடாது. அவங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, படிப்படியா குறைச்சுக் கொடுப்பார். சாப்பாடாவது உள்ள இறங்கும்." படத்தை மடித்து வைத்தாள். "வேற மருந்து இருந்தா சொல்லியிருப்பேன் சார். தேடிட்டுத்தான் இருக்கோம்."

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நாளை குழுவோடு முன்னதாகவே வந்துவிடுவதாகவும் தலைமை நர்ஸ் புதுப் புடவை வாங்கிவிட்டதாகவும் சொன்னாள். நடந்தது தவறு, நாங்கள் ஒன்றுமே புரியாமல்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புடவையை நினைத்தார். சொல்லவில்லை.

மெத்தைக் கடை மாடியில் கேடயம் வந்து இறங்கியிருந்தது. ஆள் உயரம் இல்லை. ஆனால் அந்த ஆசை அதற்கு இருந்தது. அதில் தங்க எழுத்தில் 'தசை நோயை வென்ற தாரகை' என்று பொறித்திருந்தார்கள். அடைமொழி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் முதலில் வாய் திறந்தவர் மச்சினர்.

"அப்போ நாம தோத்தவங்களுக்கா கேடயம் கொடுக்கறோம்?"

"அவங்க தோக்கல. மருந்துதான் தோத்துச்சு."

"மருந்தை மேடைக்குக் கூப்பிட முடியாதே!"

கண் டாக்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நெகட்டிவ் என்றால் நல்லது என்று தாம் சொன்னது பொதுவாக என்று விளக்கம் கொடுத்தார்.

தலைவர் கேடயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "என் தம்பி பேர்ல நடக்கற விழா" என்றார். "அங்க வந்து பலன் இல்லைன்னு சொல்றதா? முன் வரிசையில நோயாளிங்களை உக்கார வெச்சுப் படம் எடுக்க ஏற்பாடு பண்ணியிருக்கு. அவங்க முகத்துக்கு நேரா சொல்றதா? என் தம்பி எது கொடுத்தாலும் முழுங்கினான், அடைமொழி. இதுல ஒண்ணும் இல்லைன்னு அன்னிக்கு எவனாவது சொல்லியிருந்தா கன்னத்துல அறைஞ்சிருப்பேன்."

கீழே கடையில் யாரோ மெத்தையில் குதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மச்சினர், வாழ்நாளில் முதல்முறையாக, ஓர் இலக்கியவாதி ஆனார். "பலன் இல்லைன்னு ஏன் சொல்லணும்? 'பலனை எதிர்பாராமல் உழைத்தவர்'னு எழுதிடுங்க. பொய் கிடையாது. கேக்கவும் கம்பீரமா இருக்கு."

அடைமொழிக்கு உடம்பு சிலிர்த்தது. பதினைந்து வருடமாக அவர் கட்டிய பட்டங்கள் எதுவும் இந்த வரியின் கால் தூசி பெறாது. உண்மை முழுவதும் அதற்குள் இருந்தது. யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரம்மாவுக்கு விருது கிடைக்கும், நர்ஸ் புடவை கட்டுவார், தலைவர் கண் கலங்குவார், தம் வேலையும் தப்பும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"அதையே வாசிங்க" என்றார் தலைவர். "நல்ல சேதி இல்லாத மேடையில எனக்கு நிக்கத் தெரியாது."

வீட்டுக்கு வந்தபோது டீச்சர் மாத்திரை அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் தள்ளினால் வெளியே வந்துவிடும் சமாசாரம். அவளால் முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"வந்தீங்களா, அடைமொழி சார். பிரிச்சுக் கொடுங்க இந்தத் தங்கக் காசை."

அவர் அட்டையை வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை.

"டீச்சர், மருத்துவ ஆராய்ச்சின்னு பார்த்தா, அதுல பல நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலயும் எதிர்பாராத பல…"

"ஆரம்பிச்சுட்டாரு முன்னுரையை. கணக்குக்கு விடை என்ன? அதைச் சொல்லுங்க. வழிமுறையை அப்புறம் திருத்திக்கிறேன்."

"இல்லை, அந்த டாக்டரம்மா ரொம்ப அர்ப்பணிப்போட…"

"என்னங்க." அவள் குரல் மாறிவிட்டது. "என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். ஆயிரம் பட்டங்கள் கட்டிய நாக்கில் ஓர் எளிய வாக்கியம் வர மறுத்தது. கடைசியில் வந்தது.

"இந்த மாத்திரையால ஒரு பிரயோஜனமும் இல்லையாம்."

டீச்சர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தாள். தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் பீப் பீப் ஒலி கேட்டு, நின்றது.

"மாவு மாத்திரை ஏதோ கொடுத்திருப்பாங்களே, பாதிப் பேருக்கு?"

"ஆமா."

"அவங்களும் நானும்?"

"ஒண்ணுதான். ரெண்டும் ஒரே கோடு."

"அவங்களுக்கு வாந்தி?"

"இல்லை."

"கொடுத்து வெச்சவங்க" என்றாள். மடியில் கிடந்த தன் கைகளை, பரீட்சையில் பெயிலான இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுதாள், சத்தம் இல்லாமல், கொஞ்ச நேரம்தான். துடைக்கக் கை எழும்பாததால் அவர் தோளில் முகத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மேடையில இதைத்தானே சொல்வீங்க?"

அவர் மச்சினரின் வரியைச் சொன்னார். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "பலனை எதிர்பாராமலா! அட கடவுளே, நானும் அப்படித்தானே இத்தனை நாள் முழுங்கியிருக்கேன்! எனக்கும் ஒரு கேடயம் கொடுக்கச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றபோது அவள் முகத்தில் அதன் சுவடே இல்லை.

"முன் வரிசையில என்னை மாதிரி எத்தனை பேர் உக்காருவாங்க?"

"வரிசை நிறைய."

"அவங்க வீட்டுல செயலாளர் யாரும் இல்லையே, சாயங்காலம் வந்து சொல்ல" என்றாள்.

மறுநாள் அரங்கம் நிறைந்து வழிந்தது. முன் வரிசை நாற்காலிகளில் மட்டும் கம்பெனியின் புது ரக மெத்தைத் திண்டு போட்டிருந்தது. விலைச் சீட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அங்கே தசை நோயாளிகள். சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், கைத்தாங்கலாகப் பிடித்து வந்த பிள்ளைகள். அவர்கள் நடுவே டீச்சர். மேடையில் டாக்டரம்மா கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் புது நூல். பின்னால் நின்ற தலைமை நர்ஸின் புடவை கத்தரிப்பூ நிறம்.

அடைமொழி மைக் முன்னால் வந்தார். கையில் சட்டம் போட்ட மடல். அரங்கத்துக்குப் பழகிப்போன அந்தக் குரலில் ஆரம்பித்தார்: "தரணி போற்றும் தசைத் தாரகையே…"

முன் வரிசையில் நோயாளிகள் நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்தலை அவர் எதிர்பார்க்கவில்லை. நிமிர முடியாதவர்கள் கூட முகத்தையாவது தூக்கினார்கள். நல்ல சேதி வரப்போகிறது என்று அறிந்த முகங்கள். போன மாதம் தாம் செருப்போடு வந்து நின்ற மாலையில், வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் பார்த்த அதே முகம்.

அவர் மடலை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இந்த மருத்துவர் மஞ்சள் மாத்திரையைச் சோதித்தார்" என்றார். அது அவர் மேடைக் குரல் அல்ல. வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட மாணவன் குரல். "அது இந்த நோயைத் தடுக்கவில்லை. சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஒன்றுபோலத்தான் நலிந்தார்கள். அதை மறைக்காமல் நமக்குச் சொன்னதற்காக இவருக்கு இந்த விருது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்திவிடுங்கள். என் வீட்டிலும் நிறுத்தப்போகிறோம்."

அரங்கம் கைதட்டியது. செயலாளர் பேசி முடித்தால் கைதட்ட வேண்டும் என்பது அந்த அரங்கத்துக்கு உடம்பில் ஊறியிருந்தது. பின் வரிசைகள் பலமாகத் தட்டின. கண் டாக்டரும் தட்டினார்.

முன் வரிசையில் காது மந்தமான ஒருவர், ஊன்றுகோலைத் தொடையில் கிடத்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா சொன்னாரு? நல்லா சொன்னாரா?" என்று பக்கத்திலிருந்த மகளைக் கேட்டார். மகள் குனிந்து காதில் சொன்னாள். அவர் கைகள் பாதியில் நின்றன. மெல்ல அவற்றை இறக்கி ஊன்றுகோலின் மேல் வைத்துக்கொண்டார்.

கைதட்டல் அடங்க அந்த வரிசை முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவளிடம் கேட்டாள்: "இன்னிக்கு ராத்திரி மாத்திரை போடவா வேண்டாமா, அக்கா?"

"இன்னிக்குப் போடுங்க. திடீர்னு விடக் கூடாதாம். நாளைக்கு டாக்டர்கிட்ட போங்க" என்றாள் டீச்சர். பிறகு அதையே அடுத்த பக்கத்திலிருந்தவருக்கும் சொன்னாள்.

டாக்டரம்மாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்ததும் அது கீச்சிட்டது. "சோதனைக்கு வந்தவங்க சில பேர் இங்க இருக்கீங்க" என்றாள். "சில பேர் இல்ல. கையில இருக்கறது மருந்தா மாவான்னு தெரியாமலே ரெண்டு வருஷம் வந்தீங்க. கண்டுபிடிச்சது நீங்கதான். நாங்க அளந்தோம், அவ்வளவுதான்." சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் கேடயத்தோடு எழுந்தார். உரைத் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. மைக் திறந்திருப்பதை மறந்து டாக்டரம்மாவிடம் தணிந்த குரலில் அவர் கேட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"என் தம்பிக்கும் மஞ்சளா ஒண்ணு கொடுத்தாங்கம்மா. தினமும் நானே ஊட்டுவேன். வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுவான். அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைங்க" என்றாள் அவள்.

தலைவர் தலையை ஆட்டினார். 'தசை நோயை வென்ற தாரகை' என்ற எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு கேடயத்தைக் கொடுத்தார். புகைப்படக்காரர் விரலை எடுக்கச் சொல்லி இருமுறை சைகை காட்டினார். அவர் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், செயலாளரின் பணிச்சுமையைக் குறைக்கும் உன்னத நோக்கத்தோடு அவரை மாடியிலிருந்து கீழே கடைக்கு மாற்றத் தீர்மானித்தார்கள். மச்சினர் முன்மொழிந்தார், கண் டாக்டர் வழிமொழிந்தார், தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைமொழி இப்போது மெத்தைகளுக்கு விளம்பரம் எழுதுகிறார். 'முதுகின் முழுமதி' அவர் கைவண்ணம்தான். இனிமேல் பாசிட்டிவ் முடிவுகளுக்கு மட்டுமே விருது என்று மச்சினர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். அதைப் பார்த்து ஒருவர் தம் ரத்தப் பரிசோதனை அறிக்கையை அனுப்பி வைத்தார்.

டாக்டரம்மாவின் அடுத்த சோதனைக்கு அறக்கட்டளை எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவளுடைய வார்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மெத்தை, உயர்ந்த ரகம். சீட்டு எதுவும் இல்லை. தலைமை நர்ஸ் எல்லாவற்றையும் தானே தட்டிப் பார்த்து விரித்தார்.

டீச்சரின் டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். வாந்தி நின்றது. நோய் நிற்கவில்லை.